ட்ரெய்லர் கழிவு டேங்க் காலி செய்வது: உங்கள் அனுபவம் என்ன?

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

காருக்குப் பின்னால் இழுத்துப் போய்த் தங்கும் ட்ரெய்லர் வாங்கப் போகிறேன் என்று வரும் நண்பர்கள் எத்தனை பேர் படுக்கலாம், நம் வண்டி இழுக்குமா, ஏ.சி. ஓடுமா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். கழிவு டேங்க் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. கூச்சம்தான் காரணம். ஆனால் குடும்பத்தோடு நாலு நாள் காட்டில் நிம்மதியாக இருக்க முடியுமா என்பது பெரும்பாலும் அந்த டேங்கைப் பொறுத்தது. அதனால் வெளிப்படையாகவே பேசுவோம். முதலில் நான் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் எழுதுங்கள்.

புதிதாக வருபவர்களுக்கு: ட்ரெய்லரில் பொதுவாக மூன்று டேங்க் இருக்கும். ஒன்று நல்ல தண்ணீருக்கு. சிங்க், ஷவர் தண்ணீர் போய்ச் சேருவது கிரே டேங்க். டாய்லெட்டுக்குக் கீழே இருப்பது பிளாக் டேங்க். நடுத்தர அளவு ட்ரெய்லரில் கழிவு டேங்க் ஒவ்வொன்றும் 30, 40 கேலன் பிடிக்கும். 40 கேலன் என்றால் சுமார் 150 லிட்டர். எடையும் அதே 150 கிலோ. நிரம்பிய டேங்கோடு மலைப்பாதையில் இறங்காதீர்கள். டேங்க் சக்கர அச்சுக்குப் பின்னால் இருக்கும் ட்ரெய்லரில் அந்தப் பாரம், முன்பக்கம் வண்டியோடு இணைக்கும் ஹிட்சை மேலே தூக்கும், ட்ரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும்.

யோசெமிட்டி பூங்காவின் கேம்ப்கிரவுண்டுகளில் ஹூக்கப் கிடையாது. தண்ணீர், கரண்ட், சாக்கடை எதுவும் நம் இடத்துக்கு வராது. பள்ளத்தாக்குக்குள் இருப்பவர்களுக்கு அப்பர் பைன்ஸ் கேம்ப்கிரவுண்டில் கழிவைக் கொட்டும் டம்ப் ஸ்டேஷன் இருக்கிறது. விடுமுறை முடிகிற நாளில் அங்கே வரிசை நிற்கும். ஒரு முறை எங்களுக்கு முன்னால் வாடகை ட்ரெய்லரோடு ஒரு இளம் ஜோடி. எந்த வால்வை முதலில் இழுப்பது என்று தெரியாமல் தயங்கிக்கொண்டிருந்தார்கள். பின்னால் நின்ற ஒரு பெரியவர் கிளவுஸ் போட்டுக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். அவர் செய்தது அப்படியே மனதில் நிற்கிறது. ஹோஸின் வாயைத் திருகி இரண்டு கொக்கியும் மாட்டியதும் ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். மறுமுனையைத் தரையிலுள்ள குழியில் இறக்கி, இரும்பு மூடியைச் சாய்த்து அதன் மேல் பாரம் வைத்தார். பிறகு பிளாக் வால்வை ஒரே இழுப்பில் முழுசாகத் திறக்கச் சொன்னார். பாதி திறந்தால் தண்ணீர் மட்டும் ஓடிவிடும், கெட்டியானது உள்ளேயே தங்கிவிடும். ஹோஸின் தலைப்பில் கண்ணாடி போன்ற ஒரு வளைவுத் துண்டு உண்டு; அதில் ஓட்டம் மெலிந்ததும் டாய்லெட் வழியாக இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றி மறுபடி விடச் சொன்னார். அந்த வளைவில் தெளிந்த நீர் வந்த பிறகுதான் பிளாக்கை மூடி கிரேயைத் திறந்தார்கள். சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிக்கொண்டே போனது. கடைசியில் ஹோஸை ட்ரெய்லர் பக்கமிருந்து தூக்கித் தூக்கி வடித்து, குழியைச் சுற்றித் தண்ணீர் அடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அங்கே கழுவுவதற்கென்று இருக்கும் குழாயில் ‘குடிக்க உகந்ததல்ல’ என்று எழுதியிருக்கும். நல்ல தண்ணீர் பிடிக்கும் வெள்ளை ஹோஸை அதில் மாட்டவே மாட்டாதீர்கள். கழுவ வேறு நிறத்தில் ஒரு ஹோஸ் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள்.

நான் பார்த்தவரை டேங்க் தொல்லைகளில் பாதிக்கு மேல் தண்ணீர் போதாததால் வருவதுதான். காலி செய்ததும் பிளாக் டேங்கில் ஒன்றிரண்டு பக்கெட் தண்ணீர் விட்டு வைத்தால் அடுத்த தடவை தொல்லை இருக்காது.

டாலஸ், டெக்சாஸ்

அண்ணா, கிரே டேங்க் பற்றி நான் சொல்கிறேன். எல்லாரும் பிளாக்கைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். நம் வீட்டுச் சமையல் செய்கிற ட்ரெய்லரில் அதிகம் நாறுவது கிரேதான். சாம்பார், குழம்பு, தாளித்த எண்ணெய், சோறு வடித்த கஞ்சி எல்லாம் சிங்க் வழியாகப் போய் டேங்க் சுவரில் படிந்துவிடும். டெக்சாஸ் வெயிலில் அது புளித்து, சிங்க் ஓட்டை வழியாகவே வாடை ஏறும். அதற்கு நாங்கள் கண்ட வழி: தட்டு, வாணலி எல்லாவற்றையும் கழுவுவதற்கு முன் பேப்பர் டவலால் துடைத்துக் குப்பையில் போடுவது. சிங்கில் எப்போதும் ஒரு வலை வடிகட்டி. கஞ்சியை ஒரு டப்பாவில் பிடித்து ஆற வைத்து, ஊருக்குக் கொண்டு வந்துவிடுவோம். மண்ணில் கொட்டினால் மிருகங்கள் வரும், பூங்கா விதிப்படி தப்பும்கூட.

இன்னொன்று. ஊரிலிருந்து மாமியாரும் மாமனாரும் வந்திருந்தபோது டாய்லெட்டில் பேப்பரா தண்ணீரா என்ற பேச்சு வந்தது. அவர்களுக்குத் தண்ணீர்தான் வேண்டும், எங்களுக்கும் அதுதான் பழக்கம். டாய்லெட் பக்கத்தில் கை ஷவர் வைத்துக் கொடுத்தோம். இது டேங்குக்கு நல்லதே. பேப்பர் குறைந்தால் அடைப்பும் குறையும், தண்ணீரும் தாராளமாகச் சேருகிறது. ஒன்றை மட்டும் கணக்கில் வைக்க வேண்டும்: நல்ல தண்ணீர் சீக்கிரம் தீரும், பிளாக் சீக்கிரம் நிரம்பும். ஹூக்கப் இல்லாத இடத்துக்குப் பெரியவர்களோடு போகிறீர்கள் என்றால் நடுவில் ஒரு நாள் காலி செய்ய நேரம் ஒதுக்குங்கள்.

பேப்பர் போடுபவர்கள் வாங்கியதைச் சோதித்துப் பாருங்கள். ஒரு பாட்டிலில் தண்ணீரோடு நாலு துண்டு போட்டுக் குலுக்கினால் கூழாகக் கரைய வேண்டும். குழந்தைக்குத் துடைக்கும் ஈரத் துணிகள், பாக்கெட்டில் ‘ஃப்ளஷ் செய்யலாம்’ என்று போட்டிருந்தாலும் வேண்டவே வேண்டாம்.

சியாட்டில் பக்கம், வாஷிங்டன்

டாலஸ் அக்கா சொன்ன கை ஷவர் யோசனை எங்களுக்கும் கை கொடுத்தது. நான் சொல்ல வந்தது பழைய ட்ரெய்லர் வாங்கிய கதை.

விற்றவர் நல்ல மனிதர், வண்டியைப் பளபளவென்று வைத்திருந்தார். மாதக்கணக்கில் ஃபுல் ஹூக்கப் இடத்தில் நிறுத்தி அதிலேயே தங்கியிருந்திருக்கிறார். சாக்கடை இணைப்பு பக்கத்திலேயே இருக்கிறதே என்று பிளாக் வால்வை எப்போதும் திறந்தே வைத்திருந்தாராம். கேட்கச் சரியாகத்தான் தோன்றும். ஆனால் அப்படி வைத்தால் நீர் உடனே வடிந்துவிடுகிறது. கெட்டியானதும் பேப்பரும் டாய்லெட்டுக்கு நேர் கீழே குவிந்து காய்ந்து இறுகிவிடுகிறது. நாங்கள் டார்ச் அடித்து உள்ளே பார்த்தபோது குழாயின் வாய் வரை புற்று போல எழும்பி நின்றது.

கம்பியால் குத்தச் சொன்னார்கள் சிலர். பிளாஸ்டிக் டேங்க், குத்தினால் ஓட்டையாகும் என்று விட்டுவிட்டோம். வால்வை மூடி, டேங்க் நிறையத் தண்ணீர் விட்டு, கரைக்கும் என்சைம் மருந்து ஊற்றி ஊறப் போட்டோம். நாலைந்து நாள் கழித்துப் பாதி வடித்து, மறுபடி தண்ணீர். பிறகு பக்கத்து டம்ப் ஸ்டேஷன் வரை மெதுவாக இழுத்துக்கொண்டு போய், அந்தக் குலுக்கல் அடங்குவதற்குள் அங்கே திறந்துவிட்டோம். இப்படித் திரும்பத் திரும்பச் செய்ததில் ஒரு வழியாக விட்டது. ஐஸ் கட்டி போட்டு ஓட்டினால் சுத்தமாகிவிடும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். எங்களுக்கு அதில் ஒரு மாற்றமும் தெரியவில்லை, ஊற வைத்ததுதான் வேலை செய்தது.

ஆகவே ஃபுல் ஹூக்கப் இருந்தாலும் பிளாக் வால்வு மூடியே இருக்கட்டும். முக்கால் டேங்காவது சேர்ந்த பிறகு திறந்தால்தான் அந்த வேகத்தில் எல்லாம் அடித்துக்கொண்டு போகும். கிரே வால்வைத் திறந்து வைக்கலாம், ஆனால் கிளம்புவதற்கு முந்தின நாள் மூடிவிடுங்கள். ஹோஸ் கழுவ அந்தத் தண்ணீர் வேண்டும்.

உள்ளே சுவரில் இருக்கும் அளவுமானியையும் முழுசாக நம்பாதீர்கள். பேப்பர் ஒட்டிக்கொண்டால் காலி டேங்கும் மூன்றில் இரண்டு பங்கு என்று காட்டும். எங்கள் மாநிலத்தில் நெடுஞ்சாலை ஓய்விடங்கள் பலவற்றிலேயே டம்ப் ஸ்டேஷன் இருப்பது பெரிய வசதி. மற்ற மாநிலங்களில் பெரிய டிரக் ஸ்டாப்களில் கட்டணம் கட்டிக் காலி செய்யலாம்.

ராலே, நார்த் கரோலினா

சுருக்கமாக ஒரு எச்சரிக்கை. புதிய ட்ரெய்லர்கள் பலவற்றில் பிளாக் டேங்கை உள்ளிருந்து கழுவ வெளிப்பக்கம் ஒரு குழாய் இணைப்பு இருக்கும். கேம்ப்கிரவுண்டில் எங்கள் பக்கத்து இடத்தில் இருந்தவர் அதில் ஹோஸை மாட்டி, வால்வை மூடி, டேங்க் கொஞ்சம் நிரம்பட்டும் என்று விட்டார். அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது, பேசிக்கொண்டே நடந்து போய்விட்டார். டேங்க் நிரம்பினால் அந்தத் தண்ணீருக்கு இரண்டே வழி, கூரை மேல் இருக்கும் காற்றுக் குழாய் அல்லது டாய்லெட். அவருக்குக் கூரை வழியாக வந்தது. ஜன்னல் மேலெல்லாம் வழிந்ததை அந்தக் குடும்பமே இருட்டும் வரை கழுவிக்கொண்டிருந்தது, நாங்களும் உதவினோம். அந்த இணைப்பைப் பயன்படுத்தும்போது பிளாக் வால்வு திறந்தே இருக்க வேண்டும். நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றால் ஒருவர் குழாயடியில் நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

ஃபீனிக்ஸ், அரிசோனா

நான் எழுதுவது கொஞ்சம் வேறு மாதிரி. அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தபோது கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்புக்குப் போனோம். மேதர் கேம்ப்கிரவுண்டில் இடம். அங்கேயும் ஹூக்கப் கிடையாது, கிளம்பும்போது டம்ப் ஸ்டேஷனில்தான் காலி செய்ய வேண்டும். நான் கிளவுஸ் போடுவதைப் பார்த்து அப்பா, “இதை நீயா செய்யணும்? இதுக்கு ஆள் கிடையாதா?” என்று கேட்டார். கோபம் இல்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

இங்கே அவரவர் கழிவை அவரவர்தான் காலி செய்கிறார்கள் அப்பா என்றேன். பக்கத்துத் தடத்தில் விலை உயர்ந்த பெரிய மோட்டார் ஹோமிலிருந்து இறங்கிய ஒருவரும் அதே நீல நிற கிளவுஸ் போட்டு, அதே ஹோஸைத் தூக்கி வடித்துக்கொண்டிருந்தார். அப்பா அவரையே வெகுநேரம் பார்த்தார். நம் ஊரில் இந்த வேலையைப் பிறப்பை வைத்து ஒரு சில சாதியினர் தலையில் கட்டினோம். மனிதக் கழிவை மனிதரே அள்ள வைப்பதற்கு எதிராக 2013-ல் கடுமையான சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் செப்டிக் டேங்குக்குள் இறங்கி விஷவாயுவில் இறந்தவர்கள் பற்றிய செய்தி தமிழ்நாட்டில் வந்துகொண்டுதான் இருக்கிறது. நாங்கள் அன்று ஃப்ளாக்ஸ்டாஃப் வரும் வரை இதைத்தான் பேசினோம். மகனும் மகளும் பின் சீட்டில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த பயணத்திலிருந்து எங்கள் வீட்டில் முறை வைத்துக்கொண்டோம். மனைவி ஒரு தடவை, நான் ஒரு தடவை, கல்லூரி போகும் மகன் ஒரு தடவை. மகளுக்கு இப்போதைக்கு டாய்லெட்டில் தண்ணீர் ஊற்றுவதும் வளைவுத் துண்டைப் பார்த்து “தெளிஞ்சிருச்சு” என்று குரல் கொடுப்பதும்தான் வேலை. யாருக்கும் இதில் முகச் சுளிப்பு இல்லை.

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

ஃபீனிக்ஸ் நண்பருக்கு நன்றி. முறை வைப்பதை எங்கள் வீட்டிலும் தொடங்கப் போகிறோம்.

தனியாகக் கேட்டிருந்த இரண்டு கேள்விக்குப் பதில். டேங்கில் ஊற்றும் மருந்து: ஃபார்மால்டிஹைட் கலந்ததை வாங்காதீர்கள். அது வாடையை அடக்கும், ஆனால் கேம்ப்கிரவுண்டின் செப்டிக் டேங்கில் கழிவை மக்கச் செய்யும் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். என்சைம் வகையே போதும். ட்ரெய்லருக்குள் வாடை வருகிறது என்றால் கூரை ஃபேனைப் போட்டுக்கொண்டே ஃப்ளஷ் செய்கிறீர்களா என்று பாருங்கள். ஃபேன் உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்கும்போது டேங்க் காற்றும் கூடவே மேலே வரும். டாய்லெட் கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறதா என்றும் கவனியுங்கள். நிற்கவில்லை என்றால் ரப்பர் சீல் தேய்ந்திருக்கலாம்.

குளிர்காலம்: சிகாகோவிலிருந்து கேட்டவருக்கு. வண்டியை நிறுத்தி வைப்பதற்கு முன் இரண்டு கழிவு டேங்கையும் நன்றாகக் கழுவிக் காலி செய்து, ஆர்.வி.க்கென்றே (ட்ரெய்லர், மோட்டார் ஹோம் போன்றவற்றுக்கு) விற்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸை சிங்க், ஷவர், டாய்லெட் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றுங்கள். வளைந்த குழாய்களில் நிற்கும் தண்ணீரும் வால்வும் உறைந்து வெடிக்காமல் அது காக்கும். கார் எஞ்சினுக்கு ஊற்றுவது வேண்டாம், அது விஷம்.