பனிப்பாறையா, பனியாறா, ஊர்பனியா? ஐஸ்லாந்துப் பயணக் கையேட்டுக்குச் சொல் வேண்டும்

ஓஸ்லோவிலிருந்து, திங்கள் காலை

எல்லோருக்கும் வணக்கம். வருகிற வெள்ளிக்கிழமை ஒரு சின்னக் கையேடு அச்சுக்குப் போக வேண்டும். ஜூலையில் 22 பேர் ஐஸ்லாந்துக்கு 6 நாள் போகிறோம். பாதிக்கு மேல் 60 வயது தாண்டியவர்கள். ரெய்க்யவிக்கில் இறங்கி, கெய்சிர் என்ற வெந்நீர் ஊற்று இடத்தைப் பார்த்துவிட்டு, தெற்குக் கரையோரமாக ஜோகுல்சார்லோன் ஏரி வரை போய்த் திரும்புவது. ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழாக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. நேற்றிரவு பாதுகாப்புப் பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அதில் இரண்டு வரிகள் இப்படி இருந்தன:

"ஏரியில் மிதக்கும் பனிப்பாறைகள் மேல் ஒருபோதும் ஏறாதீர்கள்."
"4ஆம் நாள், பிற்பகல் 2 மணி: பனிப்பாறை மேல் நடை."

அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "ஏறச் சொல்லுறியோ, வேண்டாம் எண்டுறியோ?" என்று கேட்டார்.

இரண்டும் வேறு வேறு. ஒன்று, தன் பாரத்தாலேயே மலையிலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும் பெருந்திரள். மற்றது, அதன் நுனியிலிருந்து உடைந்து நீரில் மிதக்கும் துண்டு. எப்போது புரளும் என்று சொல்ல முடியாது. நம் செய்தித்தாள்கள் இரண்டையும் பனிப்பாறை என்றே எழுதுகின்றன. எனக்கு இரண்டு சொல் வேண்டும். கூடவே இன்னும் நாலு: கொதிநீர் வானத்துக்குப் பீறிடும் கெய்சர், பனியில் நடக்கக் காலணிக்கு அடியில் கட்டும் முள்சட்டம், கரையில் நிற்பவரைத் திடீரென்று வந்து இழுத்துப்போகும் அலை, பனிக்கடியிலிருந்து புறப்படும் பெருவெள்ளம். உதவுங்கள்.

மதுரையிலிருந்து, திங்கள் மதியம்

தம்பி, பள்ளிப் பாடநூலில் பனியாறு என்றே இருக்கிறது. நானும் இத்தனை வருடம் வகுப்பில் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன், பிள்ளைகளுக்குப் புரிகிறது. பனிப்பாறையை மிதப்பதற்கு விட்டுவிடுங்கள். டைட்டானிக் மோதியது பனிப்பாறையில் என்று எல்லோர் மனத்திலும் பதிந்துவிட்டது. கெய்சருக்குக் கெய்சர் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். இங்கே அது குளியலறைச் சுவரில் மாட்டியிருக்கும் வெந்நீர்ப் பெட்டி.

யாழ்ப்பாணத்திலிருந்து, திங்கள் இரவு

அக்கா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். எங்கள் புவியியல் புத்தகங்களில் அது பனிக்கட்டியாறு. காரணமில்லாமல் வைக்கவில்லை. பனி என்றால் எங்களுக்கு மார்கழி விடியலில் புல்லில் கிடப்பது. பனியாறு என்றால் பனிமூட்டம் படர்ந்த ஆறு என்றும் கொள்ளலாமே? கட்டி என்ற சொல் இருந்தால்தான் காலை வைத்து நிற்கக்கூடிய பொருள் என்று விளங்கும். ஓஸ்லோவிலிருந்து போகிறவர்களில் அதிகம் பேர் எங்கள் ஆட்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் படித்த சொல்லை விட்டுவிட்டு வேறொன்றைப் போடுவது சரியில்லை.

கோவையிலிருந்து, செவ்வாய் அதிகாலை

நண்பர்களே, கட்டி தேவையா என்பதற்கு முதலில் பதில். பனி என்ற சொல் புல்நுனித் துளியோடு நின்றுவிடவில்லை. குளிர், நடுக்கம், கண்ணீர் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. பனித்தல் என்றால் நடுங்குதல். முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவத்துக்கே அதன் பெயர். புறநானூற்றின் 6ஆம் பாட்டு இமயத்தை "வடாஅது பனிபடு நெடுவரை" என்கிறது. இமயத்தின் மேல் கிடப்பது புல்நுனித் துளியா? உறைந்து கிடப்பதையும் பனி என்ற ஒரே சொல் அன்றைக்கே தாங்கியிருக்கிறது. ஆலி என்றும் ஒரு சொல் உண்டு, ஆலங்கட்டியைக் குறிப்பது. ஆனால் அது வானிலிருந்து விழுவது, நமக்கு உதவாது.

என் தடை ஆறு என்ற பகுதியில்தான். ஆறு என்றதும் காதில் நீர் ஓடுகிறது. ஆறு என்றால் வழி என்றும் பொருள், ஆற்றுப்படையில் இருப்பது அந்த ஆறுதான், அப்படிக் கொண்டால் 'பனி செல்லும் வழி' என்று நியாயப்படுத்தலாம். ஆனால் பஸ்ஸில் இருப்பவர் அப்படிக் கொள்ளப் போவதில்லை.

ஆகவே ஊர்பனி என்கிறேன். எரிமலை எப்படி அமைந்ததோ அப்படி. எரிந்த மலை, எரிகின்ற மலை, எரியும் மலை என்று முக்காலமும் ஒரு வினைத்தொகைக்குள் அடங்கவில்லையா? ஊர்ந்த பனி, ஊர்கின்ற பனி, ஊரும் பனி. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்போம். இந்தப் பனி ஊர்ந்துதான் பாறையை மாவாக அரைக்கிறது; அதிலிருந்து வரும் ஆறுகள் அந்த மாவால் பால்போல் கலங்கி ஓடுகின்றன. வேகம், வேலை இரண்டையும் ஊர் என்ற ஓரசை சொல்லிவிடுகிறது.

ஓஸ்லோவிலிருந்து, செவ்வாய் மாலை

ஐயா, எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "எந்த ஊர்ப் பனி?" என்று கேட்டார்.

கோவையிலிருந்து, செவ்வாய் இரவு

அம்மாவிடம் சொல்லுங்கள்: ஊரினது பனி என்றால் ஊர்ப்பனி, ஒற்று மிகும். ஊர்கின்ற பனி என்றால் ஊர்பனி, வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஒரு 'ப்' போதும், பொருள் பிரிந்துவிடும்.

மதுரையிலிருந்து, செவ்வாய் இரவு

தாளில் பிரியும் ஐயா. வழிகாட்டி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, வெளியே காற்று இரைய, பஸ் திரும்பும்போது சொன்னால் அந்த 'ப்' யார் காதில் விழும்? ஆபத்தைச் சொல்லும் வரியில் ஒரு ஒற்றை நம்பி நிற்கக்கூடாது.

பேர்கனிலிருந்து, புதன் காலை

மூன்று கோடை ஐஸ்லாந்தில் வழிகாட்டியாக வேலை செய்தவன். அங்குள்ளதைச் சொல்கிறேன், முடிவை நீங்கள் எடுங்கள்.

முதலில் ஒலிப்பு. ஜோகுல்சார்லோனை யோகுல்சவுர்லோன் என்று எழுதுங்கள். அவர்களுடைய அந்த J எழுத்தின் ஒலி ய; ஜ இல்லை. யோகுல் என்றாலே நாம் பெயர் தேடும், மலையிலிருந்து நகரும் அந்தப் பெருந்திரள்தான்.

எரிமலைக்கு அவர்கள் சொல் எல்த்ஃப்யாட்ல். எல்த் தீ, ஃப்யாட்ல் மலை. நம்மைப் போலவே அவர்களும் இரவல் வாங்காமல் ஆக்கிக்கொள்பவர்கள். கணினிக்கு 1960களில் அறிஞர் சிகுர்துர் நோர்தால் தந்த சொல் தோல்வா: எண்ணைக் குறிக்கும் சொல்லையும் குறிசொல்லும் பெண்ணைக் குறிக்கும் பழஞ்சொல்லையும் கூட்டியது. தொலைபேசிக்கு சீமி, நூல், கயிறு என்ற பொருளில் மறந்துபோன சொல்லைத் தூசி தட்டி எடுத்தார்கள். இன்று சின்னப் பிள்ளைகளும் அதைத்தான் சொல்கின்றன. ஆகவே கோவை ஐயா கேட்பது நடக்காத காரியம் இல்லை.

அடுத்தது, அசைவு. மேற்கே ஓக் என்று ஒரு மலை, அதன் மேல் ஓக்யோகுல். 2014இல் அது இனி யோகுல் இல்லை என்று பனியியலாளர் ஒட்துர் சிகுர்த்சன் அறிவித்தார். பனி முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. மெலிந்து மெலிந்து, தன் பாரத்தால் நகரும் அளவுக்குத் தடிப்பு இல்லாமல் போனது. நகராததால் பெயரின் பின்பாதி போய் வெறும் ஓக் ஆகிவிட்டது. 2019 ஆகஸ்டில் அங்கே ஒரு நினைவுத்தகடு வைத்தார்கள். நகர்வு நின்றால் பெயரே போய்விடுகிற ஒரு பொருளுக்குப் பாறை என்று பெயர் வைக்க முடியாது. பனியாறோ ஊர்பனியோ, இரண்டில் ஒன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் நடக்கப்போகும் சோல்ஹெய்மயோகுல் வெள்ளையாக இருக்காது. மேலெல்லாம் எரிமலைச் சாம்பல் படிந்து கறுத்து, நிலக்கரிக் குவியல்போல் மேடு மேடாக நிற்கும். வந்தவர்கள் முதலில் கேட்பது "பனி எங்கே?" என்றுதான். குனிந்து விரலால் சாம்பலைத் தள்ளிக் காட்டினால் அடியில் கண்ணாடிபோல் நீலம் தெரியும். இதைக் கையேட்டில் ஒரு வரியாவது சேர்த்துவிடுங்கள். அப்புறம், அட்டையில் நள்ளிரவுச் சூரியன் என்று போடாதீர்கள். ஜூலையில் ரெய்க்யவிக்கில் இரவு முழுக்க வெளிச்சம் இருக்கும், ஆனால் சூரியன் மறைந்துதான் எழும். வடக்கே ஆர்க்டிக் வட்டத்தில் இருக்கும் கிரிம்சே தீவில்தான், அதுவும் கோடையின் நடுவில் சில வாரம், அது மறையாமல் நிற்கும்.

கன்னியாகுமரியிலிருந்து, புதன் மதியம்

அலைக்கு நான் சொல்கிறேன். எங்கள் கரையிலும் கேரளத்திலும் கள்ளக்கடல் என்பார்கள். தொலைவில் எங்கோ அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் திருடன்போல் வந்து ஏறும். 2024 மே மாதம் எச்சரிக்கை வந்தபோது செய்திகளில் அந்தச் சொல்தான் வந்தது. ஐஸ்லாந்தின் தெற்குக் கரையில் ரெய்னிஸ்ஃப்யாராவின் கறுப்பு மணலில் வருவது தனி அலை, கடலே ஏறுவதில்லை. ஆகவே கள்ள அலை. கடலுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதீர்கள் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். அங்கே உயிர்கள் போயிருக்கின்றன.

ஓஸ்லோவிலிருந்து, புதன் மாலை

கள்ள அலை உடனே எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. காலில் கட்டும் முள்சட்டத்துக்கு அவரே ஒன்று சொன்னார்: "மாட்டுக்கு லாடம் அடிக்கிற மாதிரித்தானே?" பனிலாடம் என்று போடவா?

கோவையிலிருந்து, புதன் இரவு

லகரம் சொல்லுக்கு முதலில் வராது. தனியே எழுதினால் இலாடம் என்று எழுத வேண்டும். அதுவும் நம் சொல்தானா என்பது எனக்கு உறுதியில்லை. பனிமுள் என்றால் என்ன குறை?

பேர்கனிலிருந்து, புதன் இரவு

பனிமுள் என்றால் பனியில் இருக்கும் முள் என்று பயப்படுவார்கள் ஐயா. லாடம் காலுக்கு அடியில் இறுக்கிக் கட்டுவது, வழுக்காமல் இருக்கக் கட்டுவது என்று இரண்டும் ஒரே சொல்லில் வந்துவிடுகிறது. லகரம் சொல்லின் நடுவில்தானே நிற்கிறது. நடக்கும்போது கால்களை அகட்டி வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒரு காலின் முள் மறுகாலின் காற்சட்டையில் மாட்டி விழவைக்கும்.

வெள்ளத்துக்கு அவர்கள் சொல் யோகுல்லோய்ப். பின்பாதிக்கு ஓட்டம் என்று பொருள். 1996 செப்டம்பர் இறுதியில் வட்னயோகுலுக்கு அடியில் எரிமலை வெடித்தது. உருகிய நீர் கிரிம்ஸ்வோட்ன் என்ற பனிக்கடி ஏரியில் ஒரு மாதத்துக்கு மேல் சேர்ந்துகொண்டே போய், நவம்பர் 5 அன்று பனியைத் தூக்கிவிட்டு அடியால் வெளியே வந்தது. உச்சத்தில் நொடிக்குச் சுமார் 50,000 கனமீட்டர். பாலங்களை அடித்துக்கொண்டு போனது. முறுக்கிய துணிபோல் வளைந்த இரும்பு உத்தரங்களைச் சாலையோரம் அப்படியே வைத்திருக்கிறார்கள். உங்கள் பஸ் அங்கே நிற்கும்.

மதுரையிலிருந்து, வியாழன் காலை

இங்கே பனிப்பாறை வெடிப்பு என்று எழுதிவிடுகிறார்கள். 2021இல் உத்தராகண்டின் சமோலியில் விழுந்தது மலைச்சரிவிலிருந்து பெயர்ந்த பாறையும் பனியும். 2023இல் சிக்கிமில் உடைந்தது ஏரி. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்ததால் என்ன நடந்தது என்று பிள்ளைகளுக்கு விளக்கவே ஒரு பாடவேளை போனது. பனியேரி உடைப்பு என்று வைப்போம்.

யாழ்ப்பாணத்திலிருந்து, வியாழன் காலை

குளம் உடைப்பெடுத்தது என்று நாங்களும் சொல்வோம். ஆனால் அங்கே உடைவதற்குக் கரை எங்கே? நீர் பனியைத் தூக்கிவிட்டு அடியால் வருகிறது என்றுதானே பேர்கன் தம்பி சொல்கிறார். பனியடி வெள்ளம் என்பதுதான் பொருந்தும். சிக்கிமுக்குப் பனியேரி உடைப்பு இருக்கட்டும்.

ஓஸ்லோவிலிருந்து, வியாழன் இரவு

கோப்பினை மூடுகிறேன். நகர்வது பனியாறு, முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் பனிக்கட்டியாறு. மிதப்பது பனிப்பாறை. கள்ள அலை, பனிலாடம், பனியடி வெள்ளம். கெய்சருக்குத் தனிச்சொல் அமையவில்லை. பீச்சூற்று என்று வைத்துப் பார்த்தேன், அம்மா முகம் சுளித்தார். பீறிடும் வெந்நீர் ஊற்று என்று நீட்டியே எழுதிவிட்டேன். 6 முதல் 10 நிமிடத்துக்கு ஒருமுறை பீறிடும் ஸ்ட்ரோக்குர் என்ற ஊற்றின் பெயருக்கு அவர்கள் மொழியில் வெண்ணெய் கடையும் பாத்திரம் என்று பொருளாம், அதையும் சேர்த்திருக்கிறேன். ஊர்பனியைப் பனியாறு பற்றிய விளக்கத்தில் "ஊர்ந்து நகரும் பனி" என்று விரித்துப் போட்டிருக்கிறேன் ஐயா, அதற்கு மேல் துணிவு வரவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து, வெள்ளி காலை

அடைப்புக்குள் போட்டதற்கு நன்றி. ஆனால் நான் சம்மதித்ததாக எழுத வேண்டாம். அடுத்த பதிப்பில் அது வெளியே வர வேண்டும்.

கோவையிலிருந்து, வெள்ளி காலை

அச்சுக்குப் போனது போகட்டும். ஓக் நின்றுவிட்ட செய்தியைப் படித்ததிலிருந்து எனக்கு அந்த வினைத்தொகை இன்னும் சரியாகப் படுகிறது. அது ஊர்ந்த பனியாகவே இருக்கும், பெயரை இழக்க வேண்டியதில்லை. ஒரு படியில் மட்டும் பனியாறு வரும் இடத்தில் பென்சிலால் ஊர்பனி என்று எழுதி எனக்கு அனுப்புங்கள் தம்பி. 'ப்' போடாமல்.