ஏர் பெட் போட்டும் அப்பாவுக்குப் படுக்கைப் புண் வந்தது

அப்பா இடுப்பெலும்பு முறிந்து படுத்த நாலாம் நாளே ஏர் பெட் வாங்கிவிட்டோம். கொப்புளம் கொப்புளமாக இருக்குமே, சின்ன பம்ப் வைத்தது, அதுதான். "இதைப் போட்டா பெட் சோர் வராது சார்" என்றார் கடைக்காரர். அந்த ஒரு வார்த்தையை நம்பி, ராத்திரி எழுந்து திருப்பிப் படுக்கவைப்பதை நிறுத்தினோம். அம்மாவும் கொஞ்சம் தூங்கட்டுமே என்றுதான்.

பத்தாம் நாள் உடம்பு துடைக்கும்போது வால் எலும்புக்கு மேல் காசு அளவுக்குக் கறுத்திருந்தது. அழுக்கு என்று நினைத்து அம்மா இரண்டு முறை துடைத்துப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்த நர்ஸம்மா அந்த இடத்தை விரலால் அழுத்தினார், புறங்கையால் தொட்டுப் பார்த்தார். நம் நிறத்தில் சிவப்பு தெரியாதாம். சூடும் கெட்டித்தன்மையும்தான் காட்டிக்கொடுக்குமாம். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "உள்ளங்கை மேலே பார்க்க, மெத்தைக்கு அடியில் கையை விடுங்க" என்றார். விட்டேன். அப்பாவின் எலும்பு நேராக என் கையில் இடித்தது. நடுவில் ஒரு அங்குலமாவது காற்று இருக்க வேண்டுமாம். அப்பா 82 கிலோ. பம்பில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் திருகோ கடையிலிருந்து வந்தபடி ஆகக் குறைந்த அளவில் இருந்தது. போதாததற்கு மெத்தைமேல் ரப்பர் ஷீட், அதன்மேல் நாலாக மடித்த போர்வை. அடியில் காற்று ஏறி இறங்கி யாருக்கு என்ன பயன்?

*

மேலே எழுதியவரின் அப்பா கதையைப் படித்தேன். நான் இங்கிலாந்தில் வார்டு நர்ஸ். இங்கே பிரஷர் 2 என்று பெரிய ஆய்வு நடத்தி 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். 2029 நோயாளிகள். புதிதாகத் தோல் உடைந்த புண், காற்று மாறி மாறி ஏறும் மெத்தையில் 6.9 சதவீதம் பேருக்கு, தரமான ஃபோம் மெத்தையில் 8.9 சதவீதம் பேருக்கு. தற்செயலாகவும் இருக்கலாம் என்னும் அளவு வித்தியாசம்தான். வசதியில்லாதவர்கள் ஏர் பெட்டுக்காகக் கடன் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. குழிவிழாத கெட்டி ஃபோம் போதும், ஆனால் ஆள் திருப்ப வேண்டும்.

தோலுக்கடியில் ஈரம் கூடுவதை அளக்கும் கையடக்க ஸ்கேனரும் வந்திருக்கிறது. புண் வரப்போவதைக் கண்ணுக்குத் தெரியுமுன்பே சொல்லிவிடும் என்கிறார்கள். எந்தச் சிகிச்சை, எந்தக் கருவி என்று இங்கே பரிந்துரைக்கும் நைஸ் அமைப்பு 2020-இல் பரிசீலித்து, நம்பிக்கை தருகிறது, ஆனால் எல்லா இடத்திலும் வாங்கச் சொல்ல ஆதாரம் போதாது என்றது. நானும் பயன்படுத்திப் பார்த்தேன். நோயாளியின் குதிகாலில் வைத்தால் எண் வரும், குறித்து வைப்போம், அடுத்த ஷிப்டில் ஆள் குறைவாக இருந்தால் அந்தக் குதிகாலைத் தூக்கி வைக்க யாரும் இருக்கமாட்டார்கள்.

*

நர்ஸ் குதிகால் என்று எழுதியதும் எனக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. எங்கள் பாட்டிக்குக் கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைத்தோம், யாரோ சொன்னார்கள் என்று. புண் அங்கேயேதான் வந்தது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும் என்று பிறகு பிசியோ காட்டினார். செலவே இல்லை.

*

அப்பாவைப் பற்றி முதலில் எழுதியவன்தான் மறுபடி எழுதுகிறேன். புண் ஆற ஏழு வாரம் ஆனது. மெத்தையைத் தூக்கிப்போடவில்லை. திருகில் சரியான இடத்தில் மார்க்கரால் கோடு போட்டிருக்கிறேன், பம்பை இன்வர்ட்டர் லைனில் மாட்டியாயிற்று, ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் போனில் அலாரம். அலாரம் அடித்ததும் அப்பாவே, "வலப்பக்கம்டா இந்தத் தடவை" என்கிறார்.