பொருத்தமா, இணக்கமா? அருகலை (வைஃபை) அட்டை மாற்றும் கையேட்டுக்கான சொற்கள்

> ‘கம்பேட்டிபிலிட்டி’ வரும் இடமெல்லாம் ‘ஒத்திசைவு’ என்று போட்டுவிடலாமா? எம்.2 (கணினிக்குள் அட்டை செருகும் வாய்க்கான தரம்) ‘கீ’க்கு ‘சாவி’ என்று வைத்திருக்கிறேன்.

வணக்கம். இரண்டும் வேண்டாம் என்பேன். ஒத்திசைவு ஏற்கெனவே ‘சிங்க்’ என்ற பொருளில் புழங்குகிறது. மேலும், அட்டை செருகுவாயில் உட்கார்வது வேறு, உட்கார்ந்த அட்டையைக் கணினி ஏற்பது வேறு. முன்னதைப் பொருத்தம் என்றும் பின்னதை இணக்கம் என்றும் பிரிப்போம்.

இன்டெல் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்210 ஆகிய அருகலை அட்டைகள் இரண்டும் 22 × 30 மி.மீ. அளவில் கிடைக்கின்றன, ‘ஈ’ வகைச் செருகுவாயில் இரண்டும் உட்காரும். ஏஎக்ஸ்210 பிசிஐஇ (கணினியின் அதிவேகத் தரவுத் தடம்) வழியே பேசும் முழு அட்டை. ஏஎக்ஸ்201இல் இருப்பதோ ரேடியோப் பகுதி மட்டும். மிச்ச வேலையை இன்டெல் சிப்செட் பார்க்கிறது (இன்டெலின் சிஎன்விஐ என்ற ஏற்பாடு இதுதான்). ஏஎம்டி கணினியில் செருகினால் அட்டை இருப்பதே தெரியாது. பொருத்தம் உண்டு, இணக்கம் இல்லை. வாங்குபவர் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். இவ்வகைக்குச் ‘சார்பு அட்டை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

‘சாவி’ எதையோ திறப்பதுபோல் ஒலிக்கிறது. இங்கே வேலை நேர்மாறு: தவறான அட்டை நுழையாமல் தடுப்பது. தச்சர் பலகையில் வெட்டும் காடி போன்றதுதான் அட்டை விளிம்பிலுள்ள வெட்டு. ‘ஏ-காடி’, ‘ஈ-காடி’ எனலாம்.

> காடி

மேலே பதில் எழுதியவர் சொன்ன காடிக்குப் புளித்த நீர், வினிகர் என்றும் பொருள் உண்டே! ‘காடிவெட்டு’ என்றால் குழப்பம் வராது. பொருத்தம்/இணக்கம் பிரிவு எனக்கு உடன்பாடு. இரண்டு இடங்களைச் சேர்க்க வேண்டும்.

ஒன்று, ஆண்டெனா முனை. பழைய மினி பிசிஐஇ அட்டைகளின் முனை பெரியது, எம்.2 அட்டைகளில் அதைவிடச் சிறியது. மாற்றி அழுத்தினால் முனை நசுங்கும். இது பொருத்தச் சிக்கல். சரியான முனையையும் நேர் மேலிருந்து அழுத்த வேண்டும், சாய்த்துத் தள்ளக்கூடாது. அதற்கும் முன் மின்கல இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள், வரைவில் அந்த வரி விடுபட்டிருக்கிறது.

இரண்டு, புளூடூத். அருகலை பிசிஐஇ வழியே ஓடினாலும், இத்தகைய அட்டைகளில் புளூடூத் பொதுவாக அதே செருகுவாயின் யுஎஸ்பி தடங்களில் ஓடுகிறது. தாய்ப்பலகையில் அந்தத் தடம் இல்லையென்றால் அருகலை மட்டும் கிடைக்கும். இதைப் ‘பகுதி இணக்கம்’ என்று எழுதலாம்; பயனர் இயக்கியை (டிரைவர்) மறுபடி மறுபடி நிறுவிக்கொண்டிருக்க மாட்டார்.

> பயாஸ் வெள்ளைப் பட்டியல்

பயாஸ் என்ற தொடக்க நிலைபொருள் (ஃபர்ம்வேர்) ஏற்கும் அட்டைகளின் பட்டியல் இது. ‘அனுமதிப் பட்டியல்’ போதும், வெள்ளைக்கு இங்கே வேலையில்லை. பழைய திங்க்பேடு மடிக்கணினிகள் சில, பட்டியலில் இல்லாத அட்டையைக் கண்டால் 1802 என்ற பிழை எண்ணோடு தொடக்கத்திலேயே நின்றுவிடும். இயக்கியை மாற்றிப் பயனில்லை, இயங்குதளம் ஏறுவதற்கு முன்பே தடை விழுகிறது. ஆகவே இணக்கத்தை ‘நிலைபொருள் இணக்கம்’, ‘இயக்கி இணக்கம்’ என்று மேலும் பிரிக்க வேண்டியிருக்கும். லினக்ஸில் ஏஎக்ஸ்210க்குக் கர்னல் (இயங்குதளத்தின் கரு) 5.10 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும் என்பது இரண்டாவது வகை.

‘சார்பு அட்டை’யை ஏற்கிறேன். ஆனால் எதைச் சார்ந்தது என்பதையும் விளக்கத்தில் எழுதுங்கள்: சிஎன்விஐ உள்ள இன்டெல் சிப்செட். அதிலும் தலைமுறை பார்க்க வேண்டும். ஏஎக்ஸ்211க்கு இரண்டாம் தலைமுறையான சிஎன்விஐஓ2 தேவை.