ஜெல் படாத பல்லும் மென்மையாகிறது: உமிழ்நீர்க் கலவை பற்றி ஓர் உதவி

பற்களை வெண்மையாக்கப் பூசும் ஜெல்கள், பல்லின் வெளி உறையான எனாமலின் கனிமத்தை என்ன செய்கின்றன என்பது என் முதுநிலை ஆய்வு. ஜெல் பூசிய பற்களின் கடினம் குறைவது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஜெல்லே படாத ஒப்பீட்டுப் பற்களும் ஏறக்குறைய அதே அளவு மென்மையாகின்றன. இதை வைத்துக்கொண்டு ஒரு வரி முடிவுகூட எழுத முடியாது.

விவரம்: பல் சீரமைப்புக்காகப் பிடுங்கிய முன்கடைவாய்ப் பற்கள், கிருமி வளராதபடி 0.1% தைமால் கரைசலில் வைத்தவை. ஒரு பிரிவுக்கு 35% ஹைட்ரஜன் பெராக்சைடு ஜெல், இன்னொன்றுக்கு 16% கார்பமைடு பெராக்சைடு ஜெல், மூன்றாவது ஒப்பீட்டுப் பிரிவு. மற்ற நேரமெல்லாம் மூன்று பிரிவும் 37 டிகிரியில் செயற்கை உமிழ்நீரில், இரண்டு வாரம். கடினத்துக்கு விக்கர்ஸ் அளவீடு (வைர முனையை அழுத்தித் தடத்தை அளப்பது), 200 கிராம் சுமை, 15 விநாடி.

கருவியைத் தரக்கட்டையால் சரிபார்த்தாயிற்று. மெருகுத்தாளை மாற்றினேன், வேறொருவரை அளக்கச் சொன்னேன், பலனில்லை. ஜெல்லின் அமிலத்தன்மைமீது பழிபோட ஆசைதான், ஆனால் ஒப்பீட்டுப் பல் ஜெல்லைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லையே! நுண்ணோக்கியில் அதன் மெருகு மங்கி, ஓரங்களில் சுண்ணாம்பு வெண்மை படர்ந்திருக்கிறது. கால்சியம், பாஸ்பரஸ் விகிதம் மட்டும் அசையவில்லை.

இப்போது சந்தேகம் உமிழ்நீர்மேல். எங்களுக்குக் கலந்து தருவதில் கெட்டியாக்கும் பொருளான கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் தாராளம், பாஸ்பேட் சொற்பம். பிஎச் 5.5-க்குக் கீழேதான் எனாமல் கரையும் என்ற கணக்கு, கனிமம் குறைந்த இத்தகைய கரைசலுக்குப் பொருந்தாது.

எனாமல் கடினம் அளந்தவர்களிடம் ஒரே கேள்வி: ஒப்பீட்டுப் பல்லின் கடினம் குறையாமலிருக்க, செயற்கை உமிழ்நீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் எந்த அளவில் சேர்த்தீர்கள்?