தோற்கும் அணிக்காகக் கடைசிவரை உட்கார்ந்தவர்கள்: கன்சாஸ் அனுபவங்கள்

திரியைத் தொடங்குபவர், லாரன்ஸில் 2010 முதல் ஆறு வருடம்

கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களும் அது இருக்கிற லாரன்ஸ் ஊர்ப் பக்கம் வேலை பார்த்தவர்களும் இங்கே சிலர் இருக்கிறீர்கள். பேஸ்கட்பால் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அமெரிக்கன் ஃபுட்பால் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) அணியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்த அணி தோற்றுக்கொண்டே இருந்த வருடங்களில் விடாமல் வந்து உட்கார்ந்த மனிதர்களை நீங்களும் சந்தித்திருப்பீர்கள். அவர்களைப் பற்றி எழுதுங்கள்.

அறியாதவர்களுக்காக ஒரு கணக்கு. 2010 முதல் 2021 வரை 12 சீசனில் 23 வெற்றி, 118 தோல்வி. நடுவில் நாலு கோச்சுகள் வந்து போனார்கள். 2008 ஜனவரியில், சீசன் முடிந்ததும் நல்ல அணிகளுக்கு நடக்கும் பௌல் ஆட்டங்களில் ஒன்றான ஆரஞ்சு பௌலில் வர்ஜீனியா டெக்கை 24–21 என்று வென்ற அணியும் இதுதான். உச்சியைப் பார்த்துவிட்டு விழுந்ததால் ஊருக்கு வலி கூடுதல்.

நான் போய் இறங்கியது 2010 ஆகஸ்டில். மைதானத்துக்கு நாலு தெரு தள்ளி ஒரு வீட்டின் அடித்தளத்தில் அறை கிடைத்தது. வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஆட்டம் உள்ள சனிக்கிழமைகளில் காலையிலேயே புல்வெளியில் கார் நிறுத்த இடம் உண்டு என்று அட்டையில் எழுதி வைத்துவிட்டு, நாற்காலி போட்டு உட்காருவார். அந்தத் தெருக்களில் பல வீடுகளில் இது வழக்கம். ஆரஞ்சு பௌல் வருடத்தில் எட்டு மணிக்கே புல்வெளி நிறைந்துவிடுமாம். நான் இருந்தபோது ஆட்டம் தொடங்கும் நேரத்திலும் இரண்டு கார்தான் நிற்கும்.

அவருடைய அண்ணன் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டதால் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. என்னைக் கூட்டிப்போனார். கிழக்குப் பக்கம், மதிய வெயில் நேராக முகத்தில் அடிக்கும். முதல் ஆட்டமே நார்த் டகோட்டா ஸ்டேட்டிடம் 6–3 என்று தோல்வி. அது ஒரு படி கீழே உள்ள பிரிவில் ஆடும் அணி. விதி ஒன்றும் புரியாத எனக்கே சுற்றியிருந்தவர்களின் மௌனம் புரிந்தது.

நவம்பர் 6, கொலராடோவுடன் ஆட்டம். ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதி, நாலாவது குவார்ட்டர் தொடங்கியபோது 45–17 என்று பின்தங்கியிருந்தோம். கூட்டம் கொத்துக்கொத்தாக எழுந்து போனது. எனக்கும் பசி. "கிளம்பறேன்"னு சொன்னேன். சரி என்று தலையாட்டினார், எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பில் அரிசி வைத்தேன். ஜன்னல் வழியாக மைதானத்துச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு தடவை. பிறகு மறுபடியும். நாலாவது முறை கேட்டபோது அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். ஒரே குவார்ட்டரில் 35 புள்ளி. 52–45 என்று கன்சாஸ் ஜெயித்துவிட்டது. நான் போய்ச் சேரும்போது உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

"நான்தான் சொன்னேனே" என்று அவர் சொல்லவில்லை. இருக்கையில் மறந்துவிட்டு வந்த என் தொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார், அவ்வளவுதான்.

எப்படி உட்கார்ந்திருக்க முடிகிறது என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "கீழே ஆடறவங்க பதினெட்டு, இருபது வயசுப் பசங்க. தலையைத் தூக்கிப் பார்த்தா நம்ம முகம் தெரியும். வகுப்புல பாஸாகிற பசங்களுக்கு மட்டுமா பாடம் எடுத்தேன்?" என்றார்.

அதற்கப்புறம் லாரன்ஸில் இருந்த வரைக்கும் எந்த ஆட்டத்திலும் பாதியில் எழுந்து வந்ததில்லை. பட்டமளிப்பு நாளில் காம்பனைல் மணிக்கூண்டு வழியாக மேட்டிலிருந்து இறங்கி இதே மைதானத்துக்குள்தான் மாணவர்கள் நடந்து வருவார்கள். என் முறை வந்தபோது கிழக்குப் பக்கம் பார்த்தேன். தன் இடத்திலேயே உட்கார்ந்து கையசைத்தார்.

ஆராய்ச்சி மாணவியாக லாரன்ஸில் இருந்தவர், 2014–2019

அண்ணா, உங்கள் காலமாவது பரவாயில்லை. 2015 முழுக்க நான் பார்த்தேன். 12 ஆட்டம், 12 தோல்வி. முதல் ஆட்டத்தில் சவுத் டகோட்டா ஸ்டேட்டிடம் 41–38. கடைசி நொடிகளில் கடிகாரத்தை நிறுத்தப் பந்தைத் தரையில் அடிக்க வேண்டும், அந்த நேரத்தில் பந்து கைநழுவிப் போனது. பக்கத்தில் இருந்த மாணவன் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நான் சொல்ல வந்தது அக்டோபர் 31. எதிரே ஓக்லஹோமா. ஹாலோவீன் நாள், ஒரு அப்பா இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தார். பெரியவன் டைனோசர் வேஷம், சின்னவளுக்குத் தேனீ வேஷம். நுழைவாயில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றார்கள். "இன்னைக்கு ஜெயிப்போமா?" என்று பையன் கேட்டான். அப்பா பொய் சொல்லவில்லை. "ஒரு டச்டவுன் பார்ப்போம். கதிர் அசைச்சுட்டு வருவோம்" என்றார்.

டச்டவுன் என்றால் பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் ஆறு புள்ளி எடுப்பது. கதிர் அசைப்பது என்னவென்றால், கன்சாஸ் புள்ளி எடுத்ததும் மைதானமே இரண்டு கைகளையும் தூக்கி மெதுவாக இடமும் வலமுமாக ஆட்டும். காற்றில் கோதுமை வயல் அசைகிற மாதிரி இருக்கும். கன்சாஸ் கோதுமைச் சீமை, அதனால் அந்த வழக்கம். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், முதன்முதல் பார்த்தபோது தை மாத வயல்தான் நினைவுக்கு வந்தது.

அன்றைக்கு 62–7. அந்த 7-க்கு ஒரே ஒரு டச்டவுன்தான். அது வந்தபோது டைனோசரும் தேனீயும் இருக்கை மேல் ஏறி நின்று கையை அசைத்தார்கள். சுற்றி இருந்த பெரியவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தாங்களும் அசைத்தார்கள். பார்க்க வந்ததைப் பார்த்தாகிவிட்டது, அதோடு கிளம்பியிருக்கலாம். அவர்கள் கிளம்பவில்லை. குளிர் ஏற ஏற அந்த அப்பா ஒரு கம்பளியைப் பிரித்து, பக்கத்தில் இருந்த எனக்கும் ஒரு முனையை நீட்டினார்.

"ராக் சாக், ஜேஹாக், கே யூ" கோஷத்தையும் அன்றுதான் முழுசாகக் கேட்டேன். 1886-இல் அங்கே அறிவியல் மன்றத்தில் தொடங்கியதாம். 'ராக் சாக்' மேட்டில் கிடைக்கிற சுண்ணாம்புப் பாறையிலிருந்து வந்த சொல், 'ஜேஹாக்' அணியின் பெயர், 'கே யூ' பல்கலைக்கழகத்தின் சுருக்கம். மெதுவாக, இழுத்து, கோயிலில் பாடுகிற மாதிரி வரும். பேஸ்கட்பால் அரங்கமான ஆலன் ஃபீல்ட்ஹவுஸில் அந்தக் காலத்தில் 16,300 பேர் சொல்லும்போது உடம்பு சிலிர்க்கும். பாதிக்கு மேல் காலியான மைதானத்தில் சில நூறு பேர் அதையே சொன்னபோது எனக்கு அழுகை வந்தது.

அடுத்த வருடம் நவம்பர் 19-இல் டெக்சாஸை ஓவர்டைமில் 24–21 என்று வென்றார்கள். 1938-க்குப் பிறகு டெக்சாஸை வென்றது அன்றுதான். எல்லோரும் மைதானத்துக்குள் இறங்கி ஓடினோம். அந்தக் கூட்டத்தில் டைனோசர் பையனைத் தேடினேன், கண்ணில் படவில்லை. கண்டிப்பாக எங்கேயோ இருந்திருப்பான்.

மன்ஹாட்டன், கன்சாஸ்

எதிர் முகாமிலிருந்து ஒரு சொல். நான் கன்சாஸ் ஸ்டேட் ஆள், அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகம். 2008-க்குப் பிறகு உங்கள் அணி எங்களை வென்றதில்லை. ஆனாலும் இந்தத் திரியைப் படித்தபோது கேலி செய்யத் தோன்றவில்லை. எங்கள் துறையில் ஒரு மூத்த பேராசிரியர் 1987 ஆட்டத்தை நேரில் பார்த்தவர். இரண்டு அணிகளும் அந்த வருடம் படுமோசம். எங்களுக்கு ஒரு வெற்றிகூட இல்லை. மோதியது 17–17 என்று சமமாக முடிந்தது. ஜெயிக்கவும் முடியாமல் தோற்கவும் முடியாமல் இரண்டு பக்கத்து ரசிகர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வெளியேறினோம் என்பார்.

1989-இல் பில் ஸ்னைடர் எங்கள் கோச்சாக வந்தார். 1998-இல் நாட்டிலேயே முதலிடம் வரை போனோம். இடைப்பட்ட வருடங்களில் வந்து ஒட்டிக்கொண்டவர்களிடம் பேராசிரியர் அன்பாகத்தான் பேசுவார். ஆனால் 87-இல் இருந்தவர் யாராவது எதிர்ப்பட்டால், எந்த அணிக்காரர் ஆனாலும் சரி, காபி வாங்கிக் கொடுக்காமல் விடமாட்டார்.

ஆஸ்டின், டெக்சாஸ்

2021 நவம்பர் 13. அலுவலக நண்பர்களோடு டெக்சாஸ் ஆதரவாளனாகத்தான் போனேன். கன்சாஸ் அந்த சீசனில் ஒரே ஒரு ஆட்டம் வென்றிருந்தது. தங்கள் லீக்கான பிக் 12-இல் உள்ள எதிரிகளின் ஊரில் தொடர்ந்து 56 ஆட்டம் தோற்றிருந்தார்கள். யாருக்கும் கவலையில்லை.

இடைவேளையில் பலகையில் 35–14. முன்னால் இருந்தது கன்சாஸ்! பக்கத்தில் எல்லோரும் கோச்சைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் வாங்க வெளியே வந்தபோது வரிசையில் நீலச் சட்டை போட்ட வயதான தம்பதி. கன்சாஸின் மேற்கே ஏதோ சின்ன ஊரிலிருந்து இரண்டு நாளாகக் கார் ஓட்டி வந்தார்களாம். வாழ்த்துச் சொன்னேன். அந்தப் பெரியவர், "இன்னும் பாதி ஆட்டம் இருக்கு தம்பி" என்கிற தோரணையில் விரலை உதட்டில் வைத்தார். பன்னிரண்டு வருடம் சூடுபட்ட மனுஷன், அவ்வளவு சீக்கிரம் நம்ப மாட்டார்.

அவர் பயந்தபடியே டெக்சாஸ் துரத்திப் பிடித்தது. 49–49, ஓவர்டைம். டெக்சாஸ் முதலில் அடித்து 56–49. கன்சாஸ் பதிலுக்கு டச்டவுன் போட்டது. டச்டவுனுக்குப் பிறகு பந்தை உதைத்து ஒரு புள்ளி எடுத்துச் சமன் செய்யலாம், அல்லது இன்னொரு முறை ஆடி இரண்டு புள்ளிக்கு முயலலாம். கன்சாஸ் கோச் லான்ஸ் லைபோல்ட் இரண்டு புள்ளிக்குப் போனார். ஜேலன் டேனியல்ஸ் எறிந்ததை ஜேரட் கேசி எல்லைக் கோட்டுக்கு அப்பால், எண்ட் ஜோனில் பிடித்தார். 57–56. அந்தக் கேசி பிளெய்ன்வில் என்ற சிற்றூர்க்காரர், உதவித்தொகைகூட இல்லாமல் அணியில் சேர்ந்த வாக்-ஆன் வீரர்.

என் பக்கம் எல்லோரும் உறைந்து நின்றார்கள். மேல் மூலையில் ஒரு கைக்குட்டை அளவு நீலம் மட்டும் குதித்துக்கொண்டிருந்தது. அந்தத் தம்பதியை வாசலில் மறுபடி பார்த்தேன். பெரியவருக்குப் பேச்சு வரவில்லை. என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார், விடவே இல்லை. என் அணி தோற்ற ஒரு ராத்திரி அவ்வளவு நிறைவாக வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அடுத்த வருடம் அவர்கள் முதல் ஐந்து ஆட்டமும் வென்று 5–0 என்று தொடங்கியபோது ஒவ்வொரு சனிக்கிழமையும் தேடிப் பார்த்தேன்.

ஓவர்லண்ட் பார்க்

எங்கள் தெருவில் ஒருவர் 2009-இலிருந்து சீசன் டிக்கெட்டை விடவில்லை. 2024-இல் மைதானத்தை இடித்துக் கட்டியதால் உள்ளூர் ஆட்டங்களைக் கன்சாஸ் சிட்டியில் ஆடினார்கள். நல்ல வருடம் என்று எதிர்பார்த்தது நொறுங்கிக்கொண்டிருந்தது. நவம்பரில் அங்கே ஆரோஹெட் மைதானத்தில் கொலராடோ ஆட்டத்துக்கு என்னையும் அழைத்தார்.

வழியெல்லாம் கன்சாஸ் வீரன் டெவின் நீலைப் பற்றியே பேச்சு. லாரன்ஸ் உயர்நிலைப் பள்ளிப் பையன். அணி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத 2020-க்கு அடுத்த வருடம் சேர்ந்தான். இப்போது பந்தாட்டக்காரர்கள் சுலபமாகக் கல்லூரி மாறிக்கொள்ளலாம், இவன் நாலு வருடமும் சொந்த ஊரிலேயே ஆடினான். பல்கலைக்கழகத்திலேயே பந்தோடு அதிக யார்ட் ஓடியவன் என்ற சாதனையும் அவனுடையதுதான். "நாங்க விட்டுட்டுப் போகலைன்னு பெருமையாச் சொல்லிக்கிறோம். இந்தப் பையனுக்குப் போக இடம் இருந்தது, போகலை" என்றார் அவர். அன்று 37–21 என்று வென்றார்கள். சீசன் 5 வெற்றி, 7 தோல்வி என்று 5–7-இல் முடிந்து, பௌல் ஆட்டம் இல்லாமல் போனது. அதற்குள் அவர் அடுத்த வருடத்துக்குப் பணம் கட்டிவிட்டார்.

திரியைத் தொடங்கியவர்

எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தஞ்சாவூர்த் தங்கச்சி, உங்கள் டைனோசர் பையன் இப்போது கல்லூரிக்குப் போகிற வயதில் இருப்பான்.

2025 ஆகஸ்ட் 23-இல் புது மைதானம் திறந்தபோது டல்லாஸிலிருந்து போயிருந்தேன். மேற்கும் வடக்கும் ஆளே அடையாளம் தெரியாமல் எழுந்து நின்றன. கிழக்குப் பக்கம் மட்டும் பழையபடி. வீட்டுக்கார அம்மா அதே இடத்தில், கையில் இப்போது ஊன்றுகோல். ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டுக்கு எதிராக 31–7. ஜெயம் உறுதியானதும் கூட்டம் கரையத் தொடங்கியது. நாங்கள் கடைசி விசில் வரை இருந்தோம். எழுந்திருக்கும்போது என் தொப்பியைக் கையால் தட்டிக் காட்டினார், ஞாபகமாக எடுத்துக்கொள் என்று.

அந்த சீசனும் 5–7. கடைசி ஆட்டத்தில் யூட்டாவிடம் தோற்ற மறுநாள் ஃபோன் செய்தேன். தோல்வியைப் பற்றி இரண்டு நிமிடம்தான் பேசினார். கிழக்குப் பக்கத்தையும் இடித்துக் கட்டப் போகிறார்கள், அவருடைய இருக்கை போய்விடும். அதற்குப் பதில் எங்கே கேட்பது என்பதுதான் அவர் யோசனை. மேற்குப் பக்கம் வாங்கினால் வெயில் முகத்தில் அடிக்காதே என்றேன்.

"எந்தப் பக்கமா இருந்தாலும் சரி. ரொம்ப மேலே மட்டும் வேண்டாம். பசங்களுக்கு நம்ம முகம் தெரியணும்" என்றார்.