பிஷர்–ஸ்பாஸ்கி 1972, ஆறாவது ஆட்டம்: மந்திரி ஏன் பி5-க்குப் போய்த் திரும்புகிறது?

சிப்புட்_குதிரை:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் செஸ் சொல்லித் தருகிறேன். மாவட்டப் போட்டி வருவதால், ஐஸ்லாந்தின் ரேக்யவிக்கில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் பிஷர் வெள்ளைக் காய்களோடு ஸ்பாஸ்கியை வென்ற இந்த ஆட்டத்தைப் போர்டில் வைத்தேன். பெரும்பாலும் இ4 (ராஜா முன்னால் உள்ள சிப்பாய்) ஆடுகிற மனிதர் அன்று சி4 தள்ளி, ராணி கேம்பிட் என்ற தொடக்கத்தில் டார்டகோவர் தற்காப்புக்குள் போனது வரை ஒழுங்காகக் கேட்டார்கள். 14-ஆம் நகர்த்தலில் வெள்ளை மந்திரி (பிஷப்) பி5-க்குப் போகிறது, கறுப்பு ஏ6 தள்ளுகிறது, 17-இல் மந்திரி இ2-க்குப் பின்வாங்குகிறது. "நேரா இ2-க்கே போயிருக்கலாமே சார், சும்மா ஒரு ரவுண்டா?" என்று ஐந்தாம் ஆண்டுப் பெண் கேட்கிறாள். எப்படி விளக்குவீர்கள்?

செம்பனைக்காடு:
சும்மா இல்லை அண்ணே. வெள்ளை ராணி ஏ3-இல் நிற்பதைப் பாருங்கள். ஏ6 சிப்பாய் மந்திரியை வெட்டினால் ஏ வரிசை திறந்து ஏ8 யானையை (ரூக்) அந்த ராணி தின்றுவிடும், பி8 குதிரை இன்னும் கிளம்பாததால் சி8 யானையால் அதைக் காப்பாற்ற முடியாது. அதனால்தான் 16-இல் யானை ஏ7-க்கு ஒதுங்கியது. ஏ6 பலவீனம், ஏ7-இல் வேலையில்லாத யானை, இந்த இரண்டையும் வாங்கிக்கொண்டுதான் மந்திரி திரும்பியது.

பழைய_கிளப்:
அப்போ ஏ6 தள்ளாதே, அவ்வளவுதான் லா. 14-இல் ராணியை பி7-க்கு நகர்த்த வேண்டும். ஸ்பாஸ்கியின் உதவியாளராக அங்கேயே இருந்த கெல்லர், 1973-இல் நெதர்லாந்தின் ஹில்வர்சமில் டிம்மன் என்ற ஆட்டக்காரரை இப்படித்தான் அடித்தார். வெள்ளை சி5 சிப்பாயைத் தின்னப் போனால் யானைகள் வெட்டுப்படும், குதிரை ஏ6-க்கு வரும், மந்திரி அதை வெட்டினால் ராணி திருப்பி வெட்டி அங்கேயே உட்காரும். எஃப்1 கட்டம் அதன் பார்வையில் இருப்பதால் வெள்ளை ராஜா கோட்டை கட்ட (காஸ்லிங்) முடியாது. ஒரு சிப்பாய்க்கு இது மலிவு.

செம்பனைக்காடு:
தியரி சரி மாமா, ஆனால் ஆட்டம் கைவிட்டுப் போனது 20-இல். வெள்ளை இ4 தள்ளியதும் ஸ்பாஸ்கி டி4 தள்ளினார். அதோடு சி4 கட்டம் வெள்ளை மந்திரிக்குச் சொந்தமாகிவிட்டது, அங்கிருந்து இ6 சிப்பாயைக் குறி வைத்தபடி நிற்கிறது. எஃப்4, இ5, எஃப்5 என்று வெள்ளைச் சிப்பாய்கள் ஏறி வந்தன. 32 முதல் 36 வரை கறுப்பு ராணி இ8, டி8, இ8, டி8, இ8. வேறு நகர்த்தலே இல்லை, பாவம்! பிஷர் அவசரப்படாமல் யானைகளை எஃப் வரிசையில் அடுக்கி, 38-இல் ஒரு யானையைக் கொடுத்துக் குதிரையை வெட்டினார். 41-இல் ஸ்பாஸ்கி தோல்வியை ஒப்புக்கொண்டு, கூட்டத்தோடு சேர்ந்து தானும் கைதட்டினார்.

சிப்புட்_குதிரை:
நன்றி இருவருக்கும். பி7 வழியைப் பெரிய பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்கிறேன். 20-இல் டி4-க்குப் பதிலாக சி4 தள்ளி, அந்தக் கட்டத்தையே அடைத்துவிட்டால்?

செம்பனைக்காடு:
அதைத்தான் அந்தப் பெண்ணிடம் கேளுங்கள். சி5 காலியானதும் ஏ3, எஃப்8 ராணிகள் நேருக்கு நேர். வெள்ளை மாற்றிக்கொண்டால் கறுப்புக்குப் பாதித் தலைவலி தீர்ந்தது.