1972 பீட்டில்: ஓட்டுநர் பக்க ஜன்னல் கண்ணாடி ஆடுகிறது, சேனலை மட்டும் மாற்றினால் போதுமா?

செங்காங்வாசி கேட்டது:

வணக்கம். என்னிடம் இருப்பது 1972 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் 1300. மாமா வைத்திருந்த வண்டி, இப்போது என் பெயரில் சிங்கப்பூரின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்ட முடியும் என்பதால், ஓட்டும் நாளில் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நினைப்பேன்.

பிரச்சினை ஓட்டுநர் பக்கக் கதவில். கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டுத் தீவு விரைவுச்சாலையில் போனால் கடகடவென்று ஒரே சத்தம். ஏற்றும்போது முன்பக்கம் முதலில் ஏறிவிடுகிறது, பின் மூலை தாழ்ந்து நிற்கிறது. கடைசியில் கையால் பிடித்து இழுத்துவிட்டால்தான் மேலே போய் உட்காருகிறது. கண்ணாடியில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் விழுந்திருக்கின்றன. கதவின் உள் அட்டை அடிப்பக்கத்தில் ஊதிப்போய், தொட்டால் உதிர்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடி ஓடும் பள்ளமான பின்பக்கச் சேனலில், உள்ளே ஒட்டியிருக்க வேண்டிய ஃபெல்ட் துணி என்று சொல்ல எதுவுமே இல்லை, வெறும் தகரம் பழுப்பேறித் தெரிகிறது.

ஒரு பட்டறையில் கேட்டதற்கு, சேனலுக்குள் சீலண்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) அடித்துவிட்டால் ஆடாது என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வெளிநாட்டிலிருந்து முழு செட் வரவழைப்பதா, மீட்டர் கணக்கில் விற்கும் சேனலை வாங்கி வெட்டிப் போடுவதா? நானே செய்யக்கூடிய வேலையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையவண்டிப் பிரியன்:

தம்பி, முதலில் அந்த சீலண்ட் யோசனையை விட்டுவிடுங்கள். சேனல் கண்ணாடி ஓடுவதற்கான பாதை மட்டும் இல்லை, மழைத் தண்ணீர் இறங்கும் வழியும் அதுதான். அதை அடைத்தால் தண்ணீர் அங்கேயே தங்கிக் கதவுச் சட்டத்தைத் தின்றுவிடும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. இங்கே பழைய கதவுகள் பெரும்பாலும் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கின்றன. பெயின்ட்டில் கொப்புளம் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

இரண்டாவது, புதுச் சேனலுக்கு உடனே ஆர்டர் போடாதீர்கள். பழையது ஏன் தேய்ந்தது என்று பாருங்கள். நீங்கள் சொல்வதில் முக்கியமான விஷயம் பின் மூலை தாழ்ந்து ஏறுவது. ஃபெல்ட் தேய்ந்தால் கண்ணாடி ஆடும், சத்தம் போடும். இந்த அளவுக்குச் சாயாது. கண்ணாடியின் அடியில் ஒரு இரும்புச் சட்டம் இருக்கும், அதில்தான் கண்ணாடி ஒரு ரப்பர் பட்டையோடு செருகி நிற்கும். அந்தச் சட்டம்தான் ரெகுலேட்டரோடு, அதாவது கைப்பிடியைச் சுற்றும்போது கண்ணாடியை ஏற்றி இறக்கும் கருவியோடு, போல்ட்டில் சேர்கிறது. போல்ட் தளர்ந்தாலோ, சட்டம் துருப்பிடித்துக் கண்ணாடி அதிலிருந்து நழுவியிருந்தாலோ கண்ணாடி கோணலாகத்தான் ஏறும். கோணலாக ஏறும் கண்ணாடி எந்த ஃபெல்ட்டையும் அரைத்துவிடும். அப்படியே புது செட்டைப் போட்டால், விலை கொடுத்து வாங்கியதும் அதே கதிக்குத்தான் போகும்.

ஒரு சோதனை சொல்கிறேன். கண்ணாடியைப் பாதி இறக்கி, மேல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே வெளியே அசைத்தால் ஆடுகிறதா? அது சேனலும், ஜன்னலின் அடி விளிம்பில் கண்ணாடியை வழிக்கும் வெதர் ஸ்ட்ரிப் என்ற பட்டையும் தேய்ந்ததால். முன்னும் பின்னும் தள்ளினால் நகர்கிறதா? ஜன்னலின் முன்பக்கம் உள்ள சின்ன முக்கோணக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் தூணுக்கும் பின்பக்கச் சேனலுக்கும் இடைவெளி கூடிவிட்டது என்று அர்த்தம். ஒரு மூலையை மட்டும் மேலே தூக்க முடிகிறதா? அப்படியானால் அடிச் சட்டத்தைப் பாருங்கள். உங்கள் வண்டியில் மூன்றுமே இருக்கலாம். ஆனால் சரிசெய்யும் வரிசை கீழிருந்து மேலே, சட்டம் முதலில், சேனல் கடைசியில்.

உள் அட்டையைக் கழற்றும்போது அவசரம் வேண்டாம். கைப்பிடிகளைக் கழற்றிய பிறகு, கிளிப் எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து, அகலமான பிளாஸ்டிக் நெம்புகோலை அதன் பக்கத்திலேயே கொடுத்து நெம்புங்கள். ஈரத்தில் ஊறிய அட்டை, நடுவில் நெம்பினால் கிழிந்துவிடும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்க வேண்டும். உங்கள் அட்டை ஊதியிருப்பதைப் பார்த்தால், யாரோ எப்போதோ அதைக் கிழித்து எறிந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. கதவுக்குள் தண்ணீர் வருவது தவறே இல்லை, வரத்தான் செய்யும். வந்த தண்ணீர் அந்தத் தாளில் வழிந்து கதவின் அடியில் உள்ள ஓட்டைகள் வழியாக வெளியே போக வேண்டும். ஓட்டைகளை ஒரு கேபிள் டையை விட்டுக் குத்திப் பாருங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், பெயின்ட் கீறினால் அங்கிருந்தே துரு ஆரம்பிக்கும்.

பிரித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்புறம் எந்த சேனல் என்று பேசலாம்.

மினிக்காரன்_ஈசூன்:

அண்ணன் தண்ணீரைப் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. என்னுடையது இழுத்துத் திறக்கும் கண்ணாடி வைத்த பழைய மினி. 1969க்கு முந்திய பெரும்பாலான மினிகளில் சுற்றும் கைப்பிடியே கிடையாது, கண்ணாடி படுக்கைவாட்டில் சேனலில் ஓடும். கீழ்ச் சேனலில் ஃபெல்ட் ஈரமாகவே கிடக்கும். நம் ஊர் மழையில் அதில் பாசியே முளைக்கும். வடிகால் ஓட்டைகளை மாதத்துக்கு ஒரு தடவை சுத்தம் செய்கிறேன், அதனால்தான் கதவின் அடிப்பகுதி இன்னும் தப்பித்திருக்கிறது.

ஜூரோங்_ராஜ்:

மீட்டர் கணக்கில் வாங்குவதே மேல் என்பது என் கருத்து. முழு செட் என்றால் கப்பல் செலவு, அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி வேறு. சேனல் என்பது ஃபெல்ட் ஒட்டிய ஒரு U வடிவம்தானே. கண்ணாடியின் தடிப்பை வெர்னியரில் அளந்து அதற்கு ஏற்றதை வாங்கினால் ஆயிற்று. என் டாட்சனில் அப்படித்தான் போட்டேன், இன்னும் நன்றாக இருக்கிறது.

பழையவண்டிப் பிரியன்:

ராஜ், டாட்சன் கதவுக்கு அது பொருந்தியிருக்கும், மறுக்கவில்லை. பீட்டிலின் கதவுச் சட்டம் பின் மேல் மூலையில் வளைந்து போகிறது. நேரான சேனலை அந்த வளைவில் மடக்கினால் உள் உதடு சுருங்கிக் கண்ணாடியைக் கவ்விக்கொள்ளும். V வடிவில் வெட்டு கொடுத்து மடக்கலாம்தான், ஆனால் ஒவ்வொரு வெட்டும் தண்ணீர் நுழையும் இடம். அதனால் வளைவுக்கு அச்சில் வார்த்ததை வாங்குங்கள், முக்கோணக் கண்ணாடித் தூணுக்கு மட்டும் மீட்டர் சேனல் போதும். இரண்டையும் கலந்து போடுவதில் ஒரு குறையும் இல்லை.

வாங்கும்போது ஆண்டைக் கட்டாயம் சொல்லுங்கள். 1965 மாடலில் பீட்டிலின் கண்ணாடிகள் பெரிதாகிவிட்டன, அதற்கு முந்திய வண்டியின் சேனல் உங்களுக்குச் சேராது. இரும்பு முதுகு வைத்த சேனலைச் சுருட்டி அனுப்ப வேண்டாம், நீளக் குழாயில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். ஒரு தடவை மடிந்த இடம் எவ்வளவு நிமிர்த்தினாலும் கண்ணாடியைப் பிடிக்கும்.

செங்காங்வாசி:

பிரித்துவிட்டேன். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) கார் நிறுத்துமிடத்தில் இதைச் செய்ய முடியாது என்பதால் நண்பர் ஒருவரின் காக்கி புக்கிட் பட்டறையில் ஓரமாக இடம் வாங்கிக்கொண்டேன். பிரியன் அண்ணன் சொன்னது அப்படியே. பிளாஸ்டிக் தாள் இல்லை. அடிச் சட்டத்தின் பின்பாதி துருவேறிப் பிளந்து, கண்ணாடி அதில் பெயருக்குத்தான் நிற்கிறது. சட்டத்தில் இருந்த ரப்பரைப் பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் வருகிறது. சட்டமும் ரப்பரும் சேனல் செட்டும் ஆர்டர் செய்து வந்துவிட்டன. பொருத்தும் வரிசையைச் சொன்னால் உதவியாக இருக்கும். கண்ணாடிக் கோடுகளை என்ன செய்வது?

பழையவண்டிப் பிரியன்:

நல்ல வேளை, பிரித்துப் பார்த்தீர்கள்.

கண்ணாடியை முதலில் சட்டத்தில் சேருங்கள். ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் போதும். சட்டம் பழையது நின்ற அதே இடத்தில் நிற்க வேண்டும். அரை அங்குலம் தள்ளினாலும் மறுபடி சாயும், அதனால் பழைய அடையாளம் கண்ணாடியில் இருக்கும்போதே டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

கதவுச் சட்டத்தில் பழைய பசை, துரு எல்லாவற்றையும் சுரண்டி, துரு தடுப்புப் பூச்சு அடித்து நன்றாகக் காய விடுங்கள். இந்த ஈரக்காற்றில் மேலே காய்ந்த மாதிரி தெரியும், அடியில் ஈரம் இருக்கும். ஆகவே மறுநாள் வரை தொடாதீர்கள். சேனலை வெட்டினால் வெட்டிய முனையை அரம் போட்டு, துத்தநாகப் பூச்சு வையுங்கள்.

சேனலை வளைவிலிருந்து ஆரம்பியுங்கள். வளைவு சரியாக உட்கார்ந்த பிறகு இரு பக்கமும் அழுத்திக்கொண்டே வாருங்கள். இழுக்கக் கூடாது. இழுத்துப் பொருத்திய ரப்பர் சில மாதத்தில் பழைய நீளத்துக்குச் சுருங்கி மூலையில் இடைவெளி விடும். காண்டாக்ட் பசை அங்கங்கே ஒரு பொட்டு, அவ்வளவுதான். சேனலின் கீழ் முனையைத் திறந்தே விடுங்கள்.

அடுத்ததுதான் பலர் தவறவிடும் இடம். முக்கோணக் கண்ணாடித் தூணின் அடிப் போல்ட்டை இறுக்காமல் விட்டு, கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றுங்கள். கண்ணாடி தானே தூணைத் தன் இடத்துக்குத் தள்ளும். அந்த நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிட்டு, இறக்கிப் பாருங்கள். கீழே போகப் போக இறுகினால் தூணின் அடியை ஒரு மயிரிழை முன்னால் நகர்த்துங்கள். மேலும் கீழும் கைப்பிடி ஒரே கனத்தில் சுற்றும்வரை இதைச் செய்யத்தான் வேண்டும். இதற்கு அரை நாள் போனாலும் நான் கவலைப்பட மாட்டேன்.

கிரீஸ், எண்ணெய் எதுவும் வேண்டாம். ஃபெல்ட்டில் தூசி ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் போல ஆகிவிடும். உங்கள் கண்ணாடிக் கோடுகளே ஃபெல்ட் போன தகரமும் அதில் சேர்ந்த மணலும் போட்டவைதான். சிலிக்கோன் ஸ்பிரே லேசாக அடித்தால் போதும். கோட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மாட்டவில்லை என்றால் சீரியம் ஆக்ஸைடு (கண்ணாடியை மெருகேற்றும் பொடி) போட்டுத் தேய்க்கலாம். மாட்டினால் விட்டுவிடுங்கள், ஆழமாகத் தேய்த்தால் அந்த இடத்தில் பார்வை நெளியும்.

கடைசியாகப் புது பிளாஸ்டிக் தாள். ஓரங்களுக்கு பியூட்டைல் டேப் போடுங்கள், சாதாரண இருபக்க டேப் வெயிலில் நின்ற கதவில் இளகி விழுந்துவிடும். தாளின் கீழ் முனையைக் கதவுக்குள் விட மறக்காதீர்கள்.

செங்காங்வாசி:

முடிந்தது அண்ணே. தூண் போல்ட் விஷயம் சொல்லாமல் இருந்திருந்தால் நிச்சயம் முதலிலேயே இறுக்கியிருப்பேன். இப்போது பின் மூலையும் முன் மூலையும் சேர்ந்தே ஏறுகின்றன. நேற்று மாலை பெய்த மழையில் நிறுத்தி வைத்துப் பார்த்தேன், கதவின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, உள்ளே தரைவிரிப்பு காய்ந்திருக்கிறது. ஆனால் கைப்பிடி கொஞ்சம் கனமாக இருக்கிறது. கதவையும் இப்போது ஓங்கிச் சாத்த வேண்டியிருக்கிறது. எதையாவது தளர்த்த வேண்டுமா?

பழையவண்டிப் பிரியன்:

எதையும் தளர்த்தாதீர்கள். புது ஃபெல்ட் அமுங்கச் சில வாரம் ஆகும். வண்டி நிற்கும்போது கண்ணாடியை முழுக்க ஏற்றியே வையுங்கள், தானாகப் படிந்துவிடும். கதவு கனமாகச் சாத்துவது பீட்டிலின் இயல்பு. உள்ளே காற்று வெளியேற வழி குறைவு, சீல்கள் நன்றாக இருந்தால் அப்படித்தான் இருக்கும். கண்ணாடியை ஒரு விரல் இறக்கிவிட்டுச் சாத்திப் பாருங்கள், லேசாகச் சாத்தினால் கவலை இல்லை. இறக்கியும் கனமாக இருந்தால் கதவைச் சுற்றியுள்ள ரப்பரைப் பார்க்க வேண்டும், அது வேறு வேலை. இடப்பக்கக் கதவையும் இப்போதே திறந்து அடிச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். அந்தப் பக்கம் கண்ணாடி அதிகம் இறங்கி ஏறியிருக்காது, ஆனால் மழை இரண்டு கதவுக்கும் ஒரே அளவுதான் பெய்திருக்கிறது.